பத்தொன்பது அடி ஆசை

ஸ்டேஷன் வேகன் என்ற பெயரில் வரும் ‘ஸ்டேஷன்’ எது என்று கேட்டால், கார் வைத்திருப்பவர்களிலேயே பலர் விழிப்பார்கள். அது ரயில்வே ஸ்டேஷன்தான். சென்ற நூற்றாண்டின் ஆரம்பத்தில், அமெரிக்க ஊர்களில் ரயிலை விட்டு இறங்குகிறவர்களையும் அவர்களுடைய பெட்டி, படுக்கை, மூட்டைகளையும் ஒரே நடையில் ஹோட்டலுக்கோ வீட்டுக்கோ கொண்டு சேர்க்க ஒரு வண்டி தேவைப்பட்டது. ஃபோர்டு கம்பெனியின் ‘டி’ மாடல் காரின் அடிச்சட்டத்தை வாங்கி, அதன் மேல் தச்சர்கள் மரத்தால் கூடு கட்டி, பக்கவாட்டைத் திறந்தபடி விட்டு, பெஞ்சு பெஞ்சாக ஆசனம் போட்டுக் கொடுத்தார்கள். ஆக, உலகம் கொண்டாடும் அந்தப் பெரிய அமெரிக்கக் காரின் பாட்டனார், ரயிலடியில் சவாரிக்கு நின்ற ஜட்கா வண்டிக்கு ஒன்றுவிட்ட சகோதரர் என்று சொன்னால் தவறில்லை.

இந்தப் பூர்வீகம் மறந்துபோனதால்தான், பழைய ஸ்டேஷன் வேகன் ஒன்றைச் சொந்தமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்ற ஆசையைப் பணக்காரர்களின் கிறுக்கு என்று பலர் எளிதில் ஒதுக்கிவிடுகிறார்கள். வாடகையும் பால் கணக்கும் மளிகைக் கணக்கும் தீர்த்துவிட்டு, மிச்சச் சில்லறையுடன் கிழக்கேகோட்டையில் பேருந்துக்கு நிற்கும் குமாஸ்தாவுக்கும், சாலைக் கடைத்தெருவில் மூட்டை இறக்கும் தொழிலாளிக்கும் இதில் என்ன சம்பந்தம் என்ற கேள்வியும் எழலாம். சம்பந்தம் நிறைய உண்டு. அந்த ஆசையின் அடியில் கிடப்பது, வீட்டில் உள்ள அத்தனை பேரையும் பார்த்து ‘ஏறிக்கொள்ளுங்கள்’ என்று சொல்லும் உரிமை. சிறிய கார் வைத்திருப்பவர் எத்தனை நல்ல மனிதரானாலும் ஆறாவது ஆளிடம் ‘இடமில்லை’ என்று சொல்லியே தீர வேண்டும்.

தச்சுப் பட்டறையில் பிறந்த அந்த வண்டியை 1923ஆம் ஆண்டில் ‘ஸ்டார்’ என்ற கார் கம்பெனி தன் விற்பனைப் பட்டியலிலேயே சேர்த்துக்கொண்டது. 1929இல் ஃபோர்டு கம்பெனி இறங்கியது. மிச்சிகன் மாநிலத்தில் சொந்தக் காடும் மர அறுவை ஆலையும் வைத்துக்கொண்டு, மரத்தை அறுத்து, பதப்படுத்தி, கார்க் கூடு செய்தார்கள். மரக் கூடு பார்க்க அழகுதான். ஆனால் வெயிலில் பிளக்கும், மழையில் ஊறும். ஆண்டுதோறும் வார்னிஷ் பூசாவிட்டால் இணைப்புகள் கிறீச்சிடும். யுத்தம் முடிந்தபின் 1946இல் வில்லிஸ் கம்பெனியும் 1949இல் பிளைமவுத் கம்பெனியும் முழுக்க இரும்புத் தகட்டாலான வேகனைக் கொண்டுவந்தன. அதோடு மரத்தின் காலம் முடிந்தது. ஆனாலும் மனிதருக்கு மரத்தின் மேல் இருந்த மோகம் விடவில்லை. ஃபோர்டின் ‘கன்ட்ரி ஸ்குயர்’ என்ற வேகன் 1950 முதல் 1991 வரை வந்தது. அதன் பெரும்பகுதி ஆண்டுகளில் இரும்புப் பக்கங்களில் மரக்கோடு அச்சிட்ட பிளாஸ்டிக் தாளைத்தான் ஒட்டி விற்றார்கள். கல்யாண மண்டபத்துச் சிமென்டுத் தூணுக்குத் தேக்கு நிறம் அடிக்கிற புத்தி எல்லா தேசத்திலும் ஒன்றுதான் போலும்.

இந்த வண்டியின் அளவை எண்ணில் சொன்னால்தான் புரியும். 1970களில் வந்த பெரிய வேகன் ஒன்றின் நீளம் ஏறக்குறைய 19 அடி. அகலம் ஆறரை அடி. எடை இரண்டு டன்னுக்கு மேல். பல ஆண்டுகள் டாக்சி ஸ்டாண்டுகளை ஆண்ட அம்பாசடர் காரின் நீளம் 14 அடிதான். வேகனின் முன் ஆசனம் சோபாவைப் போல ஒரே பலகை; அதில் மூன்று பேர். நடுவில் மூன்று பேர். அதற்கும் பின்னால் இன்னொரு ஆசனம். சில மாடல்களில் அது பின்பக்கம் பார்த்து இருக்கும். குழந்தைகளை அங்கே ஏற்றிவிட்டால், வந்த வழி பின்னால் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே வருவார்கள். பின் வரும் லாரி டிரைவருக்குக் கையாட்டுவார்கள். ஒன்பது பேருக்கு இப்படிச் சட்டப்படியே இடம். ஆசனங்களை மடக்கிப் போட்டால் எட்டடிக்கு நாலடி பிளைவுட் பலகை படுத்தபடி உள்ளே போகும். 1966 முதல் ஃபோர்டு வேகன்களின் பின்கதவு, பலகை போலக் கீழே இறங்கவும் செய்யும், சாதாரணக் கதவு போலப் பக்கவாட்டில் திறக்கவும் செய்யும். பெட்டி ஏற்ற ஒரு விதம், பாட்டி ஏற இன்னொரு விதம். இதைக் கண்டுபிடித்த புண்ணியவான் வீட்டில் நிச்சயம் ஒரு பாட்டி இருந்திருப்பார்.

1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய்க் குழாயை இறுக்கியதும் இந்த யானைக்குத் தீனி போடுவது அமெரிக்கருக்கே கஷ்டமாகிவிட்டது. 1983இன் கடைசியில் கிரைஸ்லர் கம்பெனி, நீளம் குறைந்து உயரம் கூடிய ‘மினி வேன்’ ஒன்றைக் கொண்டுவந்தது. அதே குடும்பம், அதே மூட்டை, பாதி பெட்ரோல். ஜனங்கள் அதற்கு மாறினார்கள். கடைசிப் பெரிய வேகன்களான செவர்லே கேப்ரிஸும் பியூக் ரோட்மாஸ்டரும் 1996இல் நின்றுபோயின. அங்கே இன்று அவற்றைத் தேடிப் பிடித்து வாங்குகிறவர்களில் பெரும்பாலோர், சிறு வயதில் அந்தப் பின் ஆசனத்தில் உட்கார்ந்து போனவர்கள். வண்டியை ஓட்டிய அப்பாவை அவர்கள் விலைக்கு வாங்க முடியாது, வண்டியையாவது வாங்குகிறார்கள்.

இந்தியாவில் கதை வேறு விதமாகப் போயிற்று. ஃபோர்டு 1926லும், ஜெனரல் மோட்டார்ஸ் 1928லும் இங்கே கம்பெனி திறந்து, கப்பலில் வந்த பாகங்களைப் பூட்டிக் கார் விற்றன. மதுரை டி.வி.எஸ். போன்றவர்கள் செவர்லே வண்டிகளைத் தெற்கே பரப்பினார்கள். தமிழ்நாட்டுக் கிராமத்து ஜனங்கள் எந்தக் காரையும் ‘பிளசர்’ என்றே அழைத்தது அந்தக் காலத்தில்தான். யுத்தகாலத்தில் பெட்ரோல் கிடைக்காதபோது, டி.வி.எஸ். செய்து விற்ற கரி வாயுக் கருவியைப் பின்னால் கட்டிக்கொண்டு, மரக்கரியைத் தின்றுகொண்டே பஸ்களும் கார்களும் ஓடின. பம்பாயில் வால்சந்த் ஹீராசந்த் 1944இல் தொடங்கிய பிரிமியர் கம்பெனி, டாட்ஜ், டிசோட்டோ, பிளைமவுத் என்று ஏறக்குறைய ஒரே உடம்புக்கு மூன்று பெயர் வைத்து விற்றது. 1950களின் நடுவில், ‘பூட்டினால் போதாது, இங்கேயே தயாரிக்க வேண்டும்’ என்று சர்க்கார் கண்டிப்புக் காட்டியதும் ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கடையைக் கட்டின. சர்க்கார் செய்தது சரியே. அந்நியச் செலாவணியைக் கொண்டு உணவு வாங்குவதா, ‘படகுக் கார்’ வாங்குவதா என்றால் யாரும் உணவு என்றுதான் சொல்வார்கள். ஆனால் கிடைக்காத பொருளுக்குத்தான் கவர்ச்சி கூடும். தூதரகங்கள் உபயோகித்துக் கழித்த வெளிநாட்டுக் கார்களை ஸ்டேட் டிரேடிங் கார்ப்பரேஷன் ஏலத்தில் விற்றபோது சினிமா நட்சத்திரங்களும் முதலாளிகளும் போட்டி போட்டார்கள். சாதாரண ஜனங்களுக்கு ‘இம்பாலா’ என்பது திரையில் வில்லன் இறங்கும் கார்.

சாதாரண ஜனங்கள் பெரிய அமெரிக்கக் காரின் பக்கத்தில் நிஜமாகப் போய் நின்றது வளைகுடா நாடுகளில்தான். கேரளத்திலிருந்தும் குமரி மாவட்டத்திலிருந்தும் 1970களில் கொத்து வேலைக்கும் குமாஸ்தா வேலைக்கும் போனவர்கள் ஊருக்கு அனுப்பிய போட்டோக்களைப் பழைய ஆல்பங்களில் பார்க்கலாம். பெல்பாட்டம், கறுப்புக் கண்ணாடி, ஒரு கை பானட்டின் மேல். வண்டி அரபி முதலாளியுடையது என்பது அனுப்பியவருக்கும் தெரியும், ஊரில் பெற்றுக்கொண்ட தாய்க்கும் தெரியும். ஆனாலும் அந்தப் படம் சட்டம் போட்டுச் சுவரில் தொங்கியது. இதைக் கண்டு சிரிப்பவர்கள் உண்டு. சிரிக்க வேண்டியதில்லை. பன்னிரண்டு பேர் ஓர் அறையில் படுத்து எழுந்தவன், தன் வீட்டார் அத்தனை பேரும் ஒன்றாக உட்காரக்கூடிய ஒரு இடத்தின் மேல் கை வைத்து நிற்கிறான்.

திருவனந்தபுரத்துத் தமிழர்களுக்கு இது இன்னும் நன்றாகப் புரியவேண்டும். கரமனையிலும் வலியசாலையிலும் கோட்டைக்குள்ளும் இருக்கும் குடும்பங்களில் பாதிக்கு மேல், வேர் தெற்கே நாகர்கோவில் பக்கமோ, கிழக்கே செங்கோட்டை, திருநெல்வேலி பக்கமோ இருக்கிறது. 1956 நவம்பர் முதல் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை ராஜ்யத்துடன் சேர்ந்தபோது, வேலை ஒரு மாநிலத்திலும் வீடு ஒரு மாநிலத்திலும் என்று ஆனவர்கள் அநேகம். 1931இல் தம்பானூருக்கு வந்துவிட்ட ரயில், அங்கிருந்து தெற்கே நாகர்கோவிலைத் தொட 1979 வரை ஆயிற்று. நாற்பத்தெட்டு வருஷம்! அதுவரை தெற்கே போகும் எந்தக் குடும்பமும் சாலையை நம்பித்தான் இருந்தது.

அந்தச் சாலைதான் திருவிதாங்கூர் சர்க்கார் முதன்முதலில் தன் பஸ்ஸை விட்ட சாலை. லண்டனிலிருந்து சால்ட்டர் என்ற அதிகாரியை வரவழைத்து, காமர் கம்பெனியின் அடிச்சட்டத்தில் இங்கேயே கூடு கட்டி, 1938 பிப்ரவரி 20ஆம் தேதி துவக்கினார்கள். முதல் வண்டியைச் சால்ட்டரே ஓட்டினார். சித்திரைத் திருநாள் மகாராஜாவும் குடும்பத்தாரும் அதில் ஏறிக் கவடியார் வரை போனார்கள். லாயத்தில் எத்தனையோ கார் இருந்தும், குடும்பம் மொத்தமும் ஒரே வண்டியில் ஏறிப் போன நாளைத்தான் சரித்திரம் நினைவில் வைத்திருக்கிறது. மறுநாளிலிருந்து பொதுஜனங்களுக்கு மைலுக்கு அரைச் சக்கரம்.

பஸ் நல்லதுதான். ஆனால் பஸ்ஸில் போனால் குடும்பம் சிதறும். அப்பா முன் வாசலில் நின்றுகொண்டு, அம்மா இடது பக்கப் பெண்கள் ஆசனத்தில், பையன் யாரோ ஒருவர் மடியில், பெரியவர் ஏறினாரா இல்லையா என்றே தெரியாமல் கண்டக்டர் விசில் அடிப்பார். சாவுச் செய்தி வந்தால் இது இன்னும் கொடுமை. ராத்திரி பத்து மணிக்கு ஊரில் தாத்தா போய்விட்டார் என்று தகவல் வரும். டாக்சி ஸ்டாண்டுக்கு ஓடி ஒரு அம்பாசடரைப் பிடித்தால், ஏழு பேருக்கு மேல் டிரைவர் சம்மதிக்க மாட்டார். அடுத்த வீட்டில் இருக்கும் சித்தி மகன் வரலாமா கூடாதா என்று வாசற்படியில் நின்று பேச்சு. யாரை விட்டுவிட்டுப் போவது என்ற அந்த ஐந்து நிமிஷப் பேச்சில் உண்டான மனஸ்தாபம் பத்து வருஷம் தீராத குடும்பங்கள் உண்டு. ‘அன்றைக்கு எனக்கு மட்டும் இடமில்லாமல் போயிற்று’ என்பார்கள். ஒன்பது பேர் உட்காரும் வண்டி ஒன்று வாசலில் சொந்தமாக நின்றால், அந்தப் பேச்சுக்கே வேலையில்லை.

வாடகைக்குப் பெரிய வண்டி கிடைக்காதா என்று கேட்கலாம். இன்று தாராளமாகக் கிடைக்கிறது. குலதெய்வக் கோயிலுக்கு டெம்போ டிராவலர், கல்யாணத்துக்கு இன்னோவா. 1984இல் வந்து 2019இல் நின்ற மாருதி வேன், எட்டுப் பேரையும் ஒரு ஸ்டவ்வையும் ஏற்றிக்கொண்டு எத்தனை முறை ஆரியங்காவு மலை ஏறியிருக்கிறது! அமெரிக்க வேகனுக்கு இவையெல்லாம் ஏழைச் சொந்தக்காரர்கள். ஆனால் வாடகை வண்டியில் ஏறும்போதே கிலோமீட்டர் எண்ணிக்கை மனதில் ஓடும். வழியில் மார்த்தாண்டத்தில் ஒரு அத்தையைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று அம்மா சொன்னால், காத்திருக்கும் கூலி எவ்வளவு என்று அப்பா முகம் சுருங்கும். சொந்த வண்டியில் அந்த அத்தையையும் ஏற்றிக்கொண்டு போகலாம்.

இதில் பெண்கள் பக்க நியாயம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். பெரிய வண்டி ஆசை பெரும்பாலும் ஆண்களுடைய ஆசை. ஒன்பது பேருக்குக் காலை நாலு மணிக்கு எழுந்து புளியோதரையும் தயிர்ச்சாதமும் கட்டி, பிளாஸ்க்கில் காப்பி ஊற்றி, மாற்றுத் துணி எடுத்து, வாந்தி எடுக்கும் குழந்தைக்கு எலுமிச்சம்பழம் தேடி, கடைசியில் பாத்திரக் கூடையோடு பின் ஆசனத்தில் ஏறுவது யார்? வண்டியில் இடம் கூடினால் கட்டவேண்டிய சாப்பாட்டுப் பொட்டலமும் கூடும். அமெரிக்காவிலும் இதே கதைதான். அந்தக் காலத்து விளம்பரப் படங்களில் வீட்டுக்காரர் ஸ்டியரிங்கைப் பிடித்துச் சிரிக்க, வீட்டுக்காரி கூடையும் கையுமாக நிற்பாள். ‘எல்லோரும் வரலாம்’ என்று வீட்டுக்காரர் பெருந்தன்மையாக அறிவிப்பதற்கு முன்னால், அடுப்படியில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. அப்படிக் கேட்கிற வீடுகளில், ஊருக்கு ஒன்றாகப் போகவேண்டும் என்று முதலில் சொல்கிறவர்களே பெண்கள்தான் என்பதும் தெரியவரும். பிறந்த வீட்டுக்குப் போக வண்டியை எதிர்பார்த்து நிற்பவர்கள் அவர்கள்தானே.

பணக் கணக்கு ஒன்று இருக்கிறது. பெரிய அமெரிக்க எஞ்சின் லிட்டருக்கு நாலு கிலோமீட்டர், மிஞ்சினால் ஐந்து கொடுக்கும். நாகர்கோவில் சுமார் 70 கிலோமீட்டர். லிட்டர் 100 ரூபாய்க்கு மேல் விற்கும் பெட்ரோலில் போக மட்டும் 1,500 ரூபாயைத் தாண்டும். ஒன்பது பேருக்குப் பங்கு போட்டால் அது ஒன்றும் மோசமில்லை. ஆனால் ஒருவர் மட்டும் ஏறிக் கவடியார் போய்வந்தால் அது பாவம். உதிரி பாகத்துக்குச் சென்னை புதுப்பேட்டையில் நாள் கணக்கில் அலைய வேண்டும். அம்பாசடரில் மெட்டடார் டீசல் எஞ்சினை மாட்டி ஓட்டிய இந்தப் பக்கத்து மெக்கானிக்குகளின் கைத்திறமைக்கு எதுவும் அசாத்தியம் இல்லை என்றாலும், அப்படி மாற்றியபின் அதை அமெரிக்கக் கார் என்று சொல்வதா என்பது தனி விவகாரம். ஸ்டியரிங் இடது பக்கம் உள்ள வண்டியானால், சைகை காட்டும் கருவி ஒழுங்காக வேலை செய்தாக வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டம் தனியாகவே சொல்கிறது.

இத்தனைக்குப் பிறகும் ஒருவர் பழைய பெரிய வண்டியை வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் அதை என்ன செய்கிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. திருவனந்தபுரத்துக்காரர்கள் கண்ணால் கண்ட உதாரணம் ஒன்று உண்டு. உத்திராடம் திருநாள் மார்த்தாண்ட வர்மா 1950களில் வாங்கிய மெர்சிடிஸ் பென்ஸ் 180. அமெரிக்கக் கார் அல்ல, ஜெர்மன் கார், வேகனும் அல்ல. பெங்களூரில் பதிவான அந்தச் சி.ஏ.என். 42 எண்ணை நகரத்தில் அறியாதவர் குறைவு. அவர் 2013 டிசம்பரில் மறையும் வரை அதை விடவில்லை. பத்மநாபசுவாமியைத் தினமும் தரிசிப்பது அவர் வழக்கம். கிழக்கேகோட்டை ஜனங்கள் அந்தக் குடும்பத்தின் கார்களை அடிக்கடி பார்த்தவர்கள். அந்தப் பென்ஸ் 23 லட்சம் மைல் ஓடியது என்று பத்திரிகைகள் எழுதின. கணக்குப் போட்டால் அறுபது வருஷத்துக்குத் தினம் நூறு மைலுக்கு மேல் வருகிறது! கொஞ்சம் தூக்கலாகத்தான் தெரிகிறது. போகட்டும், அதில் பாதி என்றாலும் அது உழைத்த வண்டி. பழைய காரைக் கொடுத்தால் புதிய கார் தருகிறோம் என்று கம்பெனியார் சொல்லியும் அவர் மறுத்ததாகச் செய்தி. 2022இல் அந்தக் காரை ஒரு பெரிய தொழிலதிபரிடம் ஒப்படைக்கக் குடும்பத்தார் முடிவு செய்ததாகச் செய்தி வந்தபோது, விலையைப் பற்றி யாரும் அதிகம் பேசவில்லை. மைலைப் பற்றித்தான் பேசினார்கள்.

இதற்கு நேர் எதிரான இன்னொரு ரகம் இருக்கிறது. வண்டியைக் கூடாரத்தில் பூட்டி, ஆண்டுக்கு ஒருமுறை துடைத்து, அணிவகுப்பில் விட்டு, பரிசுக் கோப்பையுடன் திரும்பக் கொண்டுபோய்ப் பூட்டுவது. 2021 ஜூலையில் மத்திய சர்க்கார் கொண்டுவந்த பழங்கால வாகன விதிகள் இவர்களுக்கு வசதியானவை. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த, உருவம் பெரிதாக மாற்றப்படாத, சொந்த உபயோகத்துக்கான வண்டியை ‘வின்டேஜ்’ என்று பதியலாம். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து ஆண்டுக்குச் செல்லும், புதுப்பிக்க 5,000. எண் பலகையில் ‘வி.ஏ.’ என்ற எழுத்துக்கள் வரும். பழைய இரும்புக் கடைக்குப் போகாமல் எத்தனையோ வண்டிகள் இதனால் பிழைத்தன என்பது உண்மை. ஆனால் அப்படிப் பதிந்த வண்டியை அன்றாட உபயோகத்துக்குச் சாலையில் ஓட்டக்கூடாது. கண்காட்சி, அணிவகுப்பு, பெட்ரோல் போட, ரிப்பேர் செய்ய, அவ்வளவுதான்.

வின்டேஜ் பதிவு கட்டாயமில்லை, சாதாரணப் பதிவைத் தகுதிச் சான்று வாங்கிப் புதுப்பித்துக்கொண்டே போகலாம் என்பது சரி. ஆனாலும் விதியில் உள்ள மனோபாவம் யோசிக்கத் தக்கது. ரயிலடியிலிருந்து பாட்டியையும் பெட்டியையும் ஏற்றி வருவதற்கென்றே பிறந்த வண்டியைப் பாதுகாக்கிறோம் என்று சொல்லி, பாட்டியை ஏற்றாதே என்கிறது விதி. மாதத்தில் இத்தனை நாள் குடும்பத்துடன் ஓட்டிக்கொள்ளலாம் என்று ஒரு வரி சேர்த்திருந்தால் என்ன குடி முழுகிப்போயிருக்கும்? வேகனைப் பொறுத்தவரை இது சாய்வு நாற்காலிக்குக் கண்ணாடிப் பெட்டி செய்த கதை.

கியூபா தேசத்தைப் பாருங்கள். 1959இல் அங்கே புரட்சி வந்தது. 1962இல் அமெரிக்கா முழு வர்த்தகத் தடை போட்டது. அதற்கு முன் வந்து இறங்கியிருந்த செவர்லே, பிளைமவுத், ஃபோர்டு வண்டிகளுக்கு ஒரு திருகாணிகூட அமெரிக்காவிலிருந்து வரவில்லை. ரஷ்ய வண்டியின் பாகத்தைப் போட்டும், டீசல் எஞ்சினை மாற்றியும், பட்டறையில் தாமே அடித்தும் ஓட்டினார்கள். அறுபது வருஷத்துக்குப் பிறகும் ஹவானா தெருக்களில் அவை ஆள் ஏற்றிப் போகின்றன. கண்காட்சிக்காக அவர்கள் அவற்றைக் காப்பாற்றவில்லை. வேலைக்குப் போகவேண்டியிருந்தது.

இங்கே நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரு பெரிய வண்டி வாங்கினால் என்ன என்ற யோசனை, தமிழர் சங்கக் கூட்டங்களுக்குப் பின் காப்பி குடிக்கும்போது எழுவது உண்டு. நல்ல யோசனைதான். சிக்கல் காகிதத்தில் இருக்கிறது. ஆர்.சி. புத்தகத்தில் ஒருவர் பெயர். இன்ஷூரன்ஸ் அவர் பெயரில். விபத்து நடந்தால் கோர்ட்டுக்குப் போகிறவர் அவர். மற்றவர்களிடம் பெட்ரோலுக்குப் பணம் வாங்கினால், வெள்ளைப் பலகை வண்டியை வாடகைக்கு ஓட்டுவதாக யாராவது புகார் எழுதிப் போடலாம். பெர்மிட் இல்லாமல் கூலிக்கு ஓட்டுவது குற்றம். கள்ள டாக்சியால் பிழைப்பு கெடுகிற டாக்சித் தொழிலாளியின் கோபமும் நியாயமானது. ஆனால் அண்ணன் தம்பி, அடுத்த வீட்டுக்காரர் கூட்டாகச் செலவு போட்டு ஊருக்குப் போவதற்கும் கூலி வண்டி ஓட்டுவதற்கும் உள்ள வித்தியாசத்தைத் தெளிவாக எழுதிவைக்க வேண்டியது அதிகாரிகளின் பொறுப்பு. கூட்டாக வண்டி வைத்துக்கொள்ள ஒரு சுலபமான வழியைப் போக்குவரத்துத் துறை காட்டினால், பழைய அமெரிக்க வேகன் வேண்டாம், பழைய டிராவலரே போதும். பொங்கலுக்கு ஐந்து குடும்பம் ஒன்றாகப் போய்வரும்.

அப்படியும் அமெரிக்க வேகன்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறவர்கள் சில விஷயங்களைக் கவனிக்கலாம். சேசிஸ் எண்ணும் ஆர்.சி. புத்தகத்து எண்ணும் ஒத்துப்போகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். பின்கதவின் கீழ்விளிம்பும் கடைசி ஆசனத்தின் அடித்தகடும் துருப்பிடிக்கும் இடங்கள். விரலால் தட்டினால் சத்தமே சொல்லிவிடும். ரேடியேட்டரைச் சுத்தம் செய்யாமல் ஆரியங்காவு ஏற்றத்துக்குப் போகக்கூடாது. வீடு கோட்டைக்குள் அக்கிரகாரத்திலோ, கரமனைத் தெருவிலோ இருந்தால், ஒட்டு ஒட்டாகச் சுவர் பகிர்ந்து நிற்கும் அந்த வரிசை வீடுகளில் பலவற்றின் வாசல் அகலமே வண்டியின் நீளத்துக்கு எட்டாது; அடுத்த வீட்டார் வாசலில்தான் பானட் நிற்கும். ஆகவே முன்பணம் கொடுப்பதற்கு முந்தின நாள் பத்தொன்பது அடிக் கயிறு ஒன்றை வெட்டிக்கொண்டு போய்த் தெருவில் நீட்டிப் பார்த்துவிட்டு, அப்படியே அடுத்த வீட்டுக்காரரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ள வேண்டும். ஊருக்குப் போகும்போது அவருக்கும் வண்டியில் இடம் உண்டு என்று சொன்னால் சம்மதிப்பார்.